7 வயது மகளுக்குப் பனிச்சறுக்கு உடை, ஹெல்மெட் எப்படித் தேர்ந்தெடுப்பது?

இத்தாலியின் டோலமைட் மலைக்குப் போகிறோம், எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹெல்மெட்டில் சமரசமே வேண்டாம். 2022 முதல் இத்தாலியில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது சட்டப்படி கட்டாயமானது, 2025 நவம்பர் முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயம். சைக்கிள் ஹெல்மெட் போதாது. பனிச்சறுக்கு ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரக்குறி ஈஎன் 1077 (EN 1077) இருக்கிறதா என்று பாருங்கள். முன்விளிம்பு புருவத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். பட்டையை மாட்டாமலே தலையை ஆட்டச் சொல்லுங்கள், ஹெல்மெட் நகரக் கூடாது. உள்ளே கம்பளித் தொப்பி வேண்டாம், பிடிப்பு போய்விடும். 'அடுத்த வருஷத்துக்கும் ஆகும்' என்று பெரிதாக வாங்குவது உண்மையிலேயே ஆபத்து.

பூட்ஸுக்கும் அப்படித்தான். பெரிய பூட்ஸில் கால் ஆடும், சறுக்கைக் கட்டுப்படுத்த முடியாது. பூட்ஸையும் ஸ்கீயையும் (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) வாடகைக்கே எடுங்கள். விழும்போது ஸ்கீ கழன்றால்தான் கால் தப்பும். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பிடிப்பானை எடை, உயரம், வயது, திறமை பார்த்துக் கடைக்காரரே சரிசெய்யட்டும், நீங்கள் திருகாதீர்கள்.

உடையில் பருத்தி கூடாது. வியர்வையில் நனைந்தால் லேசில் காயாது, உடம்பு சில்லிட்டுவிடும். உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ் என்ற மென்மையான செயற்கைத் துணி, வெளியே நீர்புகா ஜாக்கெட், பேன்ட். விரல் பிரியாத கையுறைதான் அதிகச் சூடு தரும். சால்வை வேண்டாம், மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்டில் சிக்கலாம். கழுத்தைச் சுற்றி மாட்டும் துணிக் குழாய் போதும்.

அப்புறம் கண். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80% வரை திருப்பி அடிக்கும். மேகமூட்டமானாலும் பனிச்சறுக்குக் கண்ணாடியைக் (goggles) கழற்ற விடாதீர்கள்.