இகுவானாவும் தாரகை ஆமையும் ஒரே வீட்டில்: சட்டம் இறுகும்போது என்ன செய்வது?

கேள்வி: "டொக்டர், நாங்கள் வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். நாலு வருடத்துக்கு முன் மகனுடைய பிறந்தநாளுக்கு அவனுடைய சித்தப்பா ஒரு பச்சை இகுவானாக் குஞ்சு வாங்கித் தந்தார். பில் எதுவும் இல்லை. இப்போது அது வாலோடு நாலடி. ஒரு சிவப்புக்காது ஆமையும் தொட்டியில் இருக்கிறது. போன வருடம் மன்னாரில் இருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் தாரகை ஆமை ஒன்றையும் விட்டுவிட்டுப் போனார். வெளிநாட்டுப் பிராணி வளர்ப்பவர்கள் மேல் சட்டம் இறுகுகிறது என்று கேள்விப்பட்டதில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தியவன்னாவில் விட்டுவிடுவோம் என்கிறார் கணவர். மகன் அழுகிறான். என்ன செய்ய?"

பதில்: தியவன்னா வேண்டாம். பெல்லன்வில சதுப்பு நிலமும் வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் ஓடும் வெள்ளவத்தைக் கால்வாயும் வேண்டாம். உங்கள் கணவரிடம் இன்றைக்கே இதைச் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் மூன்று பிராணிகள். சட்டத்தின் கண்ணில் மூன்றும் ஒன்றல்ல. வளர்ப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். "வெளிநாட்டுப் பிராணிதான் பிரச்சினை, நம் நாட்டு ஆமைக்கு யார் கேட்கப் போகிறார்கள்" என்று நினைத்துவிடுகிறார்கள். நிலைமை நேர்மாறானது.

தாரகை ஆமையில் இருந்து தொடங்குகிறேன். சிங்களத்தில் தாரக இப்பா என்பார்கள். ஓட்டில் ஒவ்வொரு மேட்டில் இருந்தும் மஞ்சள் கீற்றுகள் நட்சத்திரமாக விரியும். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இது இல்லை. நம் நாட்டில் உலர் வலயத்தில்தான் வாழ்கிறது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இது பாதுகாக்கப்பட்ட உயிரினம். அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். காசு கொடுத்து வாங்கினதா, யாரும் அன்பளிப்பாகத் தந்ததா என்பது கணக்கில் வராது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பதினெட்டாவது மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்கவிருந்தது. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு அது ஒத்திவைக்கப்பட்டு, ஓகஸ்ட்டில் ஜெனீவாவில் நடந்தது. அங்கே தாரகை ஆமையை, மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதலாம் அட்டவணைக்கு ஏற்றக் கேட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. கோரிக்கை நிறைவேறியது. உலக அரங்கில் நம் நாடே நின்று காப்பாற்றச் சொன்ன பிராணியை, உங்கள் பல்கனியில் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் விட்டு வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மன்னாருக்குக் கொண்டுபோய்ப் பற்றைக்குள் விடுவது திருப்பிக் கொடுப்பது ஆகாது. வீட்டில் மற்ற ஆமையோடு இருந்த பிராணி நோய்க்கிருமியைச் சுமந்துகொண்டு போகலாம். மூக்கில் நீர் வடியும் ஒரு ஆமை போதும், அங்குள்ள கூட்டத்தையே வருத்தத்தில் தள்ளிவிடும். பத்தரமுல்லையில் இருக்கும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தைத் தொடர்புகொள்ளுங்கள்; அவசர இலக்கம் 1992. அதற்கு முன் ஒரு சட்டத்தரணியோடு அரை மணித்தியாலம் பேசிவிடுங்கள். தானாக முன்வந்து கொடுத்தால் எந்தக் கேள்வியும் வராது என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் சோதனையில் அகப்படுவதும், கடிதத்தோடு நீங்களாகவே கொண்டுபோய் நிற்பதும் ஒன்றல்ல. கையளிக்கும்போது திகதி, அதிகாரியின் பதவி, ஆமையின் நீளம் எழுதிய ஒரு பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கடிதத்தைத் தமிழில் எழுதலாம். தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது.

இனி இகுவானா. இதுதான் சிக்கலானது, ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மத்திய, தென் அமெரிக்கப் பிராணி. சைட்டீஸ் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நாடு விட்டு நாடு போவதென்றால் ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிப் பத்திரம் வேண்டும். இங்கே இறக்க வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும், பேராதனையில் தலைமையகம் உள்ள கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். உங்களிடம் பில்கூட இல்லை. அது கட்டுநாயக்காவில் யாருடைய பயணப்பைக்குள் சுருண்டு வந்ததோ, இங்கேயே ஒருவர் வீட்டில் பொரித்த குஞ்சோ, உங்களுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதவே வேண்டாம். "இன்ன கடையில் வாங்கினேன்" என்று ஒரு பொய்யைச் சத்தியக் கடதாசியில் போட்டுச் சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கினால், பிராணியால் வந்த பிரச்சினையோடு பொய்ச் சத்தியமும் சேர்ந்துவிடும்.

எழுத வேண்டியது உண்மையை. யார் தந்தது, எந்த மாதம், அப்போது எவ்வளவு நீளம், இப்போது எவ்வளவு. மூக்கு நுனியில் இருந்து கழிவாய் வரை ஒரு அளவு, வால் நுனி வரை இன்னொரு அளவு. தலையின் இரண்டு பக்கமும் படம் எடுங்கள்; காதுக்குக் கீழே ஒரு பெரிய வட்டச் செதில் இருக்கும், அதுவும் அதைச் சுற்றியுள்ள சின்னச் செதில்களும் தெளிவாகத் தெரியவேண்டும். மிருக வைத்தியரிடம் மைக்ரோசிப் பொருத்திக்கொண்டால் பதினைந்து இலக்க எண் ஒன்று கிடைக்கும். நாளைக்குப் பதிவு செய்யச் சொன்னால், "இது புதிதாக வாங்கினது இல்லை, ஏற்கெனவே இருந்த அதே பிராணி" என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது இவ்வளவுதான். சட்டத்தரணி பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.

இப்போது நடைமுறையில் உள்ள விதி என்ன என்று வட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். வர்த்தமானி மூன்று மொழியிலும் வருகிறது. தேடிப் பிடிக்க முடியாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் வனஜீவராசிகள் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்: "பச்சை இகுவானாவை இறக்குமதி செய்தல், விற்றல், வைத்திருத்தல் பற்றி இப்போது நடைமுறையில் உள்ள வர்த்தமானி அறிவித்தல்களின் இலக்கமும் திகதியும் எவை?" காரணம் சொல்லத் தேவையில்லை, வீட்டில் இகுவானா இருக்கிறது என்று எழுதவும் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் சொல்ல வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டை வைத்திருங்கள்.

பலர் சென்னை யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "பரிவேஷ் தளத்தில் பதிந்தால் போதுமாமே டொக்டர்" என்று என்னிடம் கேட்கிறார்கள். அது இந்திய அரசின் இணையத்தளம், இந்தியச் சட்டம். அங்கே 2020 இல் தாமாக அறிவிக்க அவகாசம் கொடுத்தார்கள். 2022 இல் வனவுயிர்ச் சட்டத்தைத் திருத்தி, 2024 பெப்ரவரியில் பதிவு விதிகளை வெளியிட்டார்கள். கொழும்பில் இருக்கும் இகுவானாவுக்கு அதில் ஒரு வரியும் பொருந்தாது.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்டிருந்தால் புளோரிடாவைக் காட்டியிருப்பேன். வளர்த்தவர்கள் விட்டதும், கைதவறித் தப்பியதுமாக அங்கே இகுவானா கால்வாய்க் கரைகளைத் துளைத்துக்கொண்டு பெருகியது. ஒரு பெண் இகுவானா ஒரு தடவையில் 20 முதல் 70 முட்டை வரை இடும். புளோரிடாவில் குளிர் அலை வந்தால் மரத்தில் இருந்து விறைத்து விழும். கொழும்பில் அந்தக் குளிரும் இல்லை. நமக்கோ நகரம் முழுக்கக் கால்வாய்கள். 2021 இல் அந்த மாநிலம் இகுவானாவையும் டெகு என்ற பெரிய பல்லியையும் தடைப் பட்டியலில் ஏற்றியபோது, ஏற்கெனவே செல்லப்பிராணியாக இருந்தவற்றுக்குக் கட்டணமில்லாத அனுமதிப் பத்திரமும் அடையாளச் சிப்பும் என்று ஒரு வழி வைத்தது. அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது. வளர்ப்பவர்கள் நீதிமன்றம் போனதும் உண்டு. 2017 இல் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம், பெரிய பாம்புகளை ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதைத் தடுக்க அமெரிக்க மத்திய அரசின் லேசி சட்டம் அதிகாரம் தரவில்லை என்று தீர்த்தது. சட்டத்தின் வாசகத்தை வரிக்கு வரி படித்ததால் வென்ற வழக்கு அது. இங்கேயும் வளர்ப்பவர்கள் வாய் திறக்க வேண்டும்: பதிவு செய்ய ஒரு கால எல்லை, ஒப்படைக்க ஒரு இடம், வைத்தியரிடம் காட்டினால் வழக்கு வராது என்ற உறுதி. பத்துப் பேர் பெயர் போட்டு எழுதும் கடிதத்துக்கு நிறை உண்டு. ஆனால் அந்தப் பத்துப் பேரும், பத்திரம் இல்லாத பிராணியை இனி வாங்கமாட்டோம் என்று முதல் வரியில் எழுதவேண்டும். அந்த வரி இல்லாமல் எழுதும் கடிதத்தை நானே ஏற்கமாட்டேன்.

வைத்தியரிடம் காட்டுவதைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பயம் செய்யும் கேட்டை என் மேசையில் பார்க்கிறேன். சில மாதத்துக்கு முன் ஒருவர் பால்மா அட்டைப்பெட்டி ஒன்றைத் துவாயால் மூடிக்கொண்டு, கடைசி நோயாளி போகும்வரை வெளியே காத்திருந்தார். உள்ளே ஒரு இகுவானா. கீழ்த் தாடையை இரண்டு விரலால் மெல்லப் பிடித்தேன். றப்பர் மாதிரி வளைந்தது. பின்னங்கால்கள் வீங்கிக் கொழுத்ததுபோல் தெரிந்தன. அது கொழுப்பு இல்லை. கல்சியம் இழந்து எலும்பு மென்மையாகியிருந்தது, ஒரு கால் ஏற்கெனவே முறிந்திருந்தது. யன்னல் கண்ணாடிக்குப் பின்னால்தான் வைத்திருந்தாராம். வெயில் படுகிறது என்று நம்பியிருக்கிறார். புற ஊதா பி கதிர் சாதாரணக் கண்ணாடியைக் கடக்காது. ஆறு மாதத்துக்கு முன்பே ஏன் வரவில்லை என்று கேட்டேன். "பொலிசுக்குச் சொல்லிவிடுவீர்களோ என்று பயம்" என்றார். அந்தப் பிராணியை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

உங்கள் இகுவானாவின் தாடையையும் இன்றைக்கே தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும். செவ்வரத்தை இலையும் பூவும், முருங்கையிலை, கங்குன், கொஞ்சம் பூசணி கொடுங்கள். பசளி மட்டும் போட்டு வளர்க்காதீர்கள், அதிலுள்ள ஒக்சலேட் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலை வெயிலில் பல்கனியில் கூண்டோடு அரை மணி நேரம் வையுங்கள், ஒரு பக்கம் நிழல் இருக்கட்டும். யன்னலும் கதவும் வலை போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். தப்பிப் போன இகுவானாவும் விட்டுவிட்ட இகுவானாவும் கால்வாய்க்கு ஒன்றுதான்.

சிவப்புக்காது ஆமைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து ரூபாய்க் குத்தி அளவில் விற்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டளவு வளரும், முப்பது வருடம் வாழும். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. நம்முடைய பால் ஆமையும் கல் ஆமையும் வெயில் காயும் கட்டையில் இதற்கு இடமில்லை. கீழோட்டில் உள்ள கறுப்புப் புள்ளிகள் ஆமைக்கு ஆமை வேறுபடும், அதையும் படம் எடுத்து இகுவானாவின் தாள்களோடு சேர்த்து வையுங்கள். சல்மொனெல்லா கிருமி காரணமாக அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குஞ்சு விற்பதை 1975 இலேயே தடுத்துவிட்டார்கள், சின்னப் பிள்ளைகள் அதை வாயில் வைப்பதால். தொட்டித் தண்ணீரைக் குசினி சிங்கில் ஊற்ற வேண்டாம். தொட்ட பிறகு மகன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.

மகனுக்கு எப்படிச் சொல்வது என்று நீங்கள் நேரே கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அதுதான் கனமாக இருந்தது. ஆமையை அவன் பள்ளிக்கூடம் போன நேரம் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கொப்பியை அவன் கையில் கொடுத்து, ஆமை இந்த ஒரு வருடமாக என்ன சாப்பிட்டது, எதைத் தொடவில்லை, எத்தனை மணிக்கு எழும்பும், எந்த மூலையில் தூங்கும் என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். பொறுப்பெடுக்கும் அதிகாரிகளுக்கும் வைத்தியருக்கும் அந்தத் தகவல் உண்மையாகவே தேவைப்படும். அந்தப் பக்கத்தின் ஒரு பிரதியை அவனே கையளிக்கட்டும். கொப்பி அவனிடம் இருக்கட்டும்.