டூலா ட்ரெயினிங் முடிச்சாச்சு, அடுத்து என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, டூலா (பிரசவத்தப்போவும் அதுக்கப்புறமும் அம்மாவுக்குக் கூடவே துணையா இருக்கிறவங்க) ட்ரெயினிங் முடிச்சு சர்ட்டிஃபிகேட்டும் வாங்கிட்டேன், சில பிரசவங்களுக்குக் கூடவே இருந்துட்டேன். இப்போ ஆன்லைன்ல பார்த்தா மசாஜ் கோர்ஸ், ஹிப்னோபர்த்திங் (மனசைத் தளர்த்தி பிரசவ வலியைச் சமாளிக்கிற முறை) கோர்ஸ், தாய்ப்பால் கோர்ஸ், குழந்தை தூக்கத்துக்குன்னு தனியா ஒரு கோர்ஸ்னு வந்துகிட்டே இருக்கு. எல்லாத்துக்கும் பணம் கட்ட முடியாது. எதை முதல்ல படிக்கிறது?

பதில்: கோர்ஸ் விளம்பரங்களை கொஞ்ச நாளைக்கு தள்ளி வைங்க. நீங்க கூட இருந்த பிரசவங்களை ஒவ்வொண்ணா நினைச்சுப் பாருங்க, எந்த இடத்துல என்ன பண்றதுன்னு தெரியாம நின்னீங்க, அந்தப் பொண்ணு கேட்ட எந்தக் கேள்விக்கு பதில் வரல, வீட்டுக்காரர் பயந்து போனப்போ அவரை எப்படிக் கையாண்டீங்க, இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க (பேரு, ஆஸ்பத்திரின்னு ஆளை அடையாளம் காட்டுற எதுவும் அதுல இருக்கக் கூடாது). திரும்பத் திரும்ப எங்க தடுமாறியிருக்கீங்களோ அதைத்தான் அடுத்து படிக்கணும்.

என்னைக் கேட்டா, நிறைய பேருக்குக் குறையிறது பிரசவத்துக்கு அப்புறமான விஷயங்கள்தான். வலி நேரத்துல எப்படி மூச்சு விடணும், இடுப்பை எப்படி அழுத்திக் கொடுக்கணும்னு எல்லாம் நல்லா கத்துக்கிறோம், ஆனா வீட்டுக்கு வந்த பிறகு அந்தம்மாவைப் பக்கத்துல இருந்து பார்க்கிற வெளி ஆள் பல நேரம் நாம மட்டும்தான், அங்க நமக்கு கண்ணு கூர்மையா இருக்கணும். ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள்ள முழுசா நனையுது, விடாத தலைவலியோட கண்ணு மங்குது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்குது, மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, இதுல எது இருந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்"னு விடவே கூடாது. கர்ப்பத்துல பிரஷர் நார்மலா இருந்தவங்களுக்குக் கூட பிரசவத்துக்கு அப்புறம் திடீர்னு ஏறலாம், இது பல குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது. என்ன நோய்னு சொல்றது நம்ம வேலை இல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பி விடுறது நம்ம வேலை.

குழந்தை பக்கமும் அப்படித்தான். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால், 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது எல்லாருக்கும் தெரியும், ஆனா குழந்தை வாயால மார்பை சரியா பிடிச்சிருக்கான்னு பார்க்கத் தெரியணுமே, அதுக்கு வீடியோ பத்தாது, தாய்ப்பால் ஆலோசகர் ஒருத்தர் கூட உட்கார்ந்து நேர்ல பார்த்து கத்துக்கணும். 5 நாள் ஆன பிறகு ஒரு நாளைக்கு குறைஞ்சது 6 தடவையாவது நல்லா ஒண்ணுக்குப் போகணும். பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள மஞ்சள் தெரிஞ்சாலோ, பால் குடிக்க எழுப்பினாலும் எழுந்துக்கலைன்னாலோ உடனே டாக்டர்.

அடுத்தது மனசு. பிரசவத்துக்கு அப்புறம் சுமார் 13 சதவீதம் பெண்களுக்கு மனநலப் பிரச்சினை வருது, அதுல முக்கியமா டிப்ரஷன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இந்த டிப்ரஷன் இருக்கலாமான்னு கண்டுபிடிக்க உதவுற, 1987ல வந்த எடின்பரோ கேள்வித்தாள்ல மொத்தம் 10 கேள்விதான், கடந்த 7 நாள் எப்படி இருந்துச்சுன்னு கேட்கும். அதை முறையா பயன்படுத்த ஒரு ட்ரெயினிங் எடுங்க. கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கிற எண்ணம் பத்தினது, அதுக்கு "இல்லவே இல்ல"ங்கிறதைத் தவிர வேற என்ன பதில் வந்தாலும் அன்னைக்கே உதவி கிடைக்கணும், அதனால யாருக்கு போன் பண்றதுன்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கிட்டு தான் கேட்கவே ஆரம்பிக்கணும்.

"டாக்டர் அப்படித்தான் சொல்லுவாங்க, நீங்க அதைக் கேட்டு நடக்காதீங்க"ன்னு சொல்லித் தர்ற கோர்ஸா இருந்தா பணம் போனாலும் பரவால்ல, எழுந்து வந்துடுங்க.

கேள்வி: மேடம், லேபர் ரூம்ல நர்ஸ்கள் என்னை இடைஞ்சல் மாதிரியே பார்க்கிறாங்க. கூட ஒருத்தர் இருந்தா நல்லதுன்னு ஆராய்ச்சியே இருக்கேன்னு சொன்னா இன்னும் கோபம் வருது.

பதில்: ஆராய்ச்சி இருக்கிறது உண்மைதான். 2017ல வந்த காக்ரேன் (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுற அமைப்பு) ஆய்வு 17 நாடுகள்ல 15,000க்கு மேற்பட்ட பெண்களைப் பத்தின சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துச்சு, தொடர்ந்து துணை இருந்தவங்களுக்கு சிசேரியன் குறையலாம், வலி நேரமும் கொஞ்சம் குறையலாம்னு சொல்லுச்சு. 2018ல உலக சுகாதார நிறுவனமும் பொண்ணு விரும்புற துணை கூடவே இருக்கணும்னு பரிந்துரை பண்ணுச்சு. ஆனா லேபர் ரூம் வாசல் இதை வாதாடுற இடமில்லங்க, ஒரே நேரத்துல பல பேரைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவங்ககிட்ட ஆராய்ச்சி பேசினா யாருக்குத்தான் கோபம் வராது.

போன உடனே நீங்க யாரு, என்ன செய்வீங்க, முக்கியமா என்ன செய்ய மாட்டீங்கன்னு சொல்லிடுங்க. பென்னி சிம்கினும் மார்ஷல் கிளாஸும் ஜான் கென்னலும் இன்னும் சிலரும் சேர்ந்து 1992ல ஆரம்பிச்ச டோனாங்கிற டூலாக்கள் அமைப்போட விதிகள்லயே பிரஷர் பார்க்கிறது, குழந்தை இதயத்துடிப்பு பார்க்கிறது, உள் பரிசோதனை எதுவும் டூலா செய்யக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. நீங்க நர்ஸாவே இருந்தாலும் டூலாவா போனா அதைச் செய்யாதீங்க. அந்தப் பொண்ணுக்காக நீங்க பேசவும் வேண்டாம், "அவங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கு, கேட்கணுமாம்"னு சொல்லி அவங்களையே பேச வைங்க, பதில் புரியற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க. ஆஸ்பத்திரி அனுமதிச்சா அங்க நடக்கிற வகுப்புகள்ல ஒண்ணு ரெண்டுல போய் உட்காருங்க, நர்ஸ்கள் எதைப் பார்த்து பயப்படுறாங்கன்னு அங்கதான் புரியும்.

கேள்வி: நான் கூட இருந்த ஒரு பிரசவத்துல குழந்தை தங்கல. அதுக்கப்புறம் போன் அடிச்சாலே நடுங்குது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா?

பதில்: லாயக்கில்லைன்னு இல்லம்மா, நடுங்காம இருந்தாத்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். ஆனா இதைத் தனியா சுமக்காதீங்க. அனுபவமுள்ள ஒரு டூலாகிட்ட அந்தக் குடும்பத்தோட அடையாளம் சொல்லாம நடந்ததை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பேசுங்க, தூக்கம் வரலைன்னா, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்துகிட்டே இருந்தா மனநல டாக்டரையோ கவுன்சிலரையோ பாருங்க. ஒத்துக்கிட்ட அடுத்த பிரசவத்துக்கு மாற்று டூலா ஒருத்தரை ஏற்பாடு பண்ணிட்டு அந்தக் குடும்பத்துகிட்ட நேர்மையா சொல்லிடுங்க. குழந்தையை இழந்த பெற்றோர் கூட எப்படி இருக்கிறதுன்னு சொல்லித் தர்ற தனிப் பயிற்சிகளும் இருக்கு, ஆனா அது இப்போ வேண்டாம், இந்தக் காயம் கொஞ்சம் ஆறட்டும், நீங்களே ஒரு நாள் தேடிப் போவீங்க, அப்போ எழுதுங்க, எப்படிப்பட்ட வகுப்பு பார்க்கணும்னு விவரமா சொல்றேன்.