ஆண்டிறுதி ஆராதனையும் சபைப் பதிவேடும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு லுத்தரன் சபையில் வாலிபர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். இந்த ஆண்டு டிசம்பர் 31 இரவு ஆராதனையை ஒழுங்கு செய்யும் பொறுப்பைச் சபைக்குரு எங்களிடம் தந்திருக்கிறார். பெரிய திரை வைக்கலாமா, நற்கருணையைப் பன்னிரண்டு மணிக்கு முன் வைப்பதா பின் வைப்பதா, எத்தனை கீர்த்தனை, எத்தனை புதிய பாடல் என்றெல்லாம் பேசி வருகிறோம். புத்தாண்டுக்கு ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையும் கொடுக்க எங்களுக்கு ஆசை. எங்கள் சபையில் அந்த ஆண்டு ஞானஸ்நானம் பெற்றோர், மணமுடித்தோர், இறந்தோர் பெயர்களை வாசிக்கும் பழைய வழக்கம் உண்டு. அரை மணி நேரம் ஆகிறது. வாலிபர்கள் வெளியே போய்விடுகிறார்கள். மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய இரவில் சாவுப் பட்டியல் எதற்கு என்று கேட்கிறார்கள். அதை நீக்கிவிட்டு, இறந்தோரின் படங்களை மட்டும் இசையோடு திரையில் காட்டலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

திரையைப் பற்றிச் சபையின் பணப்பெட்டியைக் கேளுங்கள். நற்கருணை எப்போது என்பதைச் சபைக்குரு சொல்வார். கீர்த்தனையா புதிய பாட்டா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. வயதானவர்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றாவது இருக்கட்டும்.

பதிவேட்டை மட்டும் நீக்காதீர்கள். சில வாரங்களாக நான் இதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பதால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன். "சாவுப் பட்டியல்" என்று எழுதும்போது உங்கள் கை கூசியிருக்க வேண்டும். இந்த ஆண்டு புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி அந்த இரவு உங்கள் கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்த்து, உன் வீட்டுத் துக்கம் எங்கள் நிகழ்ச்சிக்கு இடைஞ்சல் என்று நேராகச் சொல்ல உங்களில் யாருக்காவது வாய் வருமா? வாலிபர்கள் வெளியே போகிறார்கள் என்றால் அவர்களை உள்ளே அழைத்து வந்து உட்கார வைப்பதுதான் செயலாளரின் வேலை.

இந்த ஆராதனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் 1733ஆம் ஆண்டில் ஆண்டின் கடைசி இரவை விழித்திருந்து ஆராதித்தார்கள். பின்னர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி வழியாக அது மெதடிஸ்டுகளிடமும் மற்றச் சபைகளிடமும் பரவியது. அந்தச் சகோதரர்கள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கே வந்து தோட்டம் அமைத்துக் குடியிருந்தார்கள். அவர்களுடைய ஆண்டிறுதி ஆராதனையில் அந்த ஆண்டின் வரலாற்றை எழுதி வாசிப்பது வழக்கம்: சபையில் பிறந்தவர்கள், இறந்தவர்கள், ஊரிலும் உலகத்திலும் நடந்தவை எல்லாம் அதில் வரும். நீங்கள் ஆசையோடு குறிப்பிட்டிருக்கும் வாக்குத்தத்த அட்டையைப் போன்ற ஒன்றும் அவர்களிடம் உண்டு. சீட்டுப் போட்டு எடுத்த வசனங்களை 1731 முதல் ஆண்டுதோறும் நூலாக அச்சிடுகிறார்கள். ஆனால் அன்றைய வசனம் எல்லாருக்கும் ஒன்றுதான். நாமோ ஆளுக்கொரு அட்டையை எடுத்து, அவரவர் வசனத்தை அவரவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.

என் தகப்பனார் கரையோரச் சபை ஒன்றில், சபைக்குருவுக்கு உதவியாக ஊழியம் செய்யும் உபதேசியாராக இருந்தார். சபைக்குருவின் பொறுப்பிலிருந்த சேகரத்தில் பல ஊர்கள் இருந்ததால் அந்த இரவில் சபைக்குரு எங்கள் ஊருக்கு வருவது அரிது. அப்பாதான் ஆராதனை நடத்துவார். பெயரை மட்டும் வாசித்து நகர்ந்துவிட மாட்டார். இன்னாருடைய மகள், இந்தத் தெரு, இத்தனை வயது, நடவுக்கு முந்தின வாரம் இறந்தாள் என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டார் எழுந்து நிற்கும் வரை காத்திருப்பார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் ஊருக்குள் வந்தது. அந்த வாரமே வந்த 31ஆம் தேதி இரவு ஆராதனை வேண்டுமா என்ற பேச்சு எழுந்தபோதும் அப்பா நடத்தினார். அடக்கப் பதிவேட்டில் சபையாரை மட்டுமே எழுத முடியும்; எங்கள் ஊரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் மீனவர் தெருவின் இந்துக்கள். அவர்களுடைய பெயர்களை அப்பா ஒரு தனித்தாளில் எழுதிவந்து, சபையார் பெயர்களுக்குப் பின் அதே நிதானத்தில் வாசித்தார். இறந்தோருக்காக ஜெபிப்பது நம் உபதேசம் அல்லவே என்று பெரியவர் ஒருவர் பிறகு கேட்டார். "ஜெபிக்கவில்லை ஐயா, கணக்கு ஒப்புவித்தேன்" என்றார் அப்பா. இதே கேள்வி உங்கள் சபையிலும் வரும். இதே பதிலைச் சொல்லுங்கள்.

படங்கள் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது. யாருக்குப் படம் இருக்கிறது? ஆதார் அட்டையில் மங்கலாகத் தெரியும் முகத்தைத் தவிர வேறு படம் இல்லாத நடவுக்காரப் பெண்கள் நம் சபைகளில் எத்தனை பேர்! பிறந்து சில நாளில் போன குழந்தைக்கு அதுவும் இராது. படம் உள்ள வீட்டைத் திரை காட்டும், மற்ற வீட்டை விட்டுவிடும். பெயர் எல்லாருக்கும் இருக்கிறது. விடிந்தால் வரும் ஜனவரி 1, நம் திருச்சபை நாட்காட்டியில், குழந்தைக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்து இயேசு என்று பெயரிட்டதை நினைக்கும் நாள். லூக்கா இரண்டாம் அதிகாரம் 21ஆம் வசனத்தைப் பாருங்கள். ஆண்டவர் பெயர் பெற்ற நாளுக்குள் நுழைவதற்கு முன் அவருடைய பிள்ளைகளின் பெயர்களை வாயால் சொல்ல அரை மணி நேரம் அதிகமா?

பெயர்களோடு ஊரின் ஆண்டையும் அரைப் பக்கத்தில் எழுதி வாசியுங்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்ததா, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்தது, குறுவை வீடு வந்து சேர்ந்ததா, வடகிழக்குப் பருவமழையில் எந்த வாய்க்கால் உடைந்தது என்பவை அதில் இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட ஆண்டில் அதைச் சொல்லாமல் ஒரு சபை நன்றி சொல்லியிருந்தால் அந்த நன்றிக்கு என்ன பொருள்? அதன்பின் 65ஆம் சங்கீதத்தை வாசித்தால், வருஷத்தை நன்மையால் முடிசூட்டுகிறீர் என்ற வசனத்துக்கு முந்தின வசனத்தில் வரப்பும் படைச்சாலும் தண்ணீரும் இருப்பது, சம்பா கதிர்விட்டு நிற்கும் வயலைத் தாண்டிக் கோயிலுக்கு வந்தவர்களுக்கு விளங்கும்.

இந்த வாரமே உபதேசியாரோடு உட்கார்ந்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்ற மூன்று பதிவேடுகளையும் பாருங்கள். வேலைக்காகத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன இடத்தில் இறந்தவர்கள் அதில் விடுபட்டிருப்பார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுங்கள். பெயரை அந்த வீட்டார் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, வெளியே போகும் அந்த வாலிபர்களையே ஆளுக்கு ஒரு பக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அம்மா