20,000 மேற்கோள் பெற்ற சூப்பர்நோவா ஆய்வாளர், 600 பெற்றவரைவிடப் பெரியவரா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சூப்பர்நோவாவை, அதாவது வெடிக்கும் நட்சத்திரங்களை ஆராயும் இரண்டு வானியலாளர்களில் ஒருவருக்கு 20,000 மேற்கோள் (அவர் கட்டுரைகளை மற்றக் கட்டுரைகள் குறிப்பிட்ட தடவைகள்), இன்னொருவருக்கு 600; ஆராய்ச்சிப் படிப்புக்கு யாரிடம் சேரலாம்? எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பது என் பதில்.

எனக்கு ஊர் பாம்பன். அப்பா கரைவலை இழுத்தவர். கடலில் வலையை வளைத்து விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடித்து மணிக்கணக்கில் இழுப்பார்கள். மடி கரையேறியதும் மீன் ஏலம் போகும், காசு பங்கு பிரியும். மேற்கோள் கணக்கில் பங்கு பிரிப்பதே கிடையாது. பிரபஞ்சம் வேகம் கூடி விரிகிறது என்று சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆடம் ரீஸ் முதல் பெயர், மொத்தம் 20 பேர். அந்தக் கட்டுரைக்கு வந்த மேற்கோள்கள் பத்தாயிரத்துக்கும் மேல். 20 பேர் கணக்கிலும் அது முழுதாக ஏறும். அதனால் ஒருவரின் மொத்தத்தைப் பார்த்ததும் எத்தனை கட்டுரையில் அவர் முதல் பெயர் என்று பாருங்கள்.

அப்புறம், அந்த வலைக்குள் மீன் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். பிரபஞ்சம் வேகம் கூடி விரிகிறது என்பதற்கு ஆதாரமே தூரத்துச் சூப்பர்நோவா எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்ததுதான். அப்படிச் சொல்ல, பக்கத்தில் வெடித்தவற்றை முதலில் துல்லியமாக அளந்திருக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் சிலியில் இருந்த காலான் டோலோலோ குழுவினர். டோலோலோ மலையில் எடுத்த படத் தகடுகளைச் சாண்டியாகோவுக்குக் கொண்டுபோய், பழைய தகட்டோடு வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுப் புதுப் புள்ளியைத் தேடினார்கள். கிடைத்ததை இரவு இரவாக அளந்து, 1996இல் 29 சூப்பர்நோவாக்களின் ஒளிமாற்றத்தை வெளியிட்டார் மரியோ ஹமூய். அதே குழுவின் மார்க் பிலிப்ஸ், பிரகாசமாக வெடிப்பது மெதுவாக மங்கும் என்று 1993இலேயே காட்டியிருந்தார். உச்சத்துக்குப் பிறகு 15 நாளில் எவ்வளவு குறைகிறது என்பதுதான் அளவுகோல். ரீஸ் குழுவைப் போலவே அதே முடிவுக்கு வந்த இன்னொரு குழுவின் தலைவர் சால் பெர்ல்மட்டர் 1999இல் எழுதிய கட்டுரையில் தூரத்தில் உள்ளவை 42, ஒப்பிட எடுத்த 18 இந்தக் குழு அளந்தவை. இந்தக் கண்டுபிடிப்புக்காக 2011இல் நோபல் பெர்ல்மட்டர், ரீஸ் குழுவின் தலைவர் ஷ்மிட், ரீஸ் மூவருக்குப் போனது. டோலோலோ ஆட்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சந்திரசேகர் 1931இல் எழுதிய கட்டுரை இரண்டே பக்கம். ஒரு வெண்குள்ளன், அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரம், ஓர் எல்லைக்கு மேல் நிறை தாங்காது என்ற கணக்கு. அந்த எல்லை இன்றைய மதிப்பில் சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. இன்று எல்லோரும் ‘சந்திரசேகர் எல்லை’ என்று எழுதிவிட்டுக் கட்டுரையைக் குறிப்பிடாமலே போகிறார்கள். பெயரே சொல்லாகிவிட்டால் மேற்கோள் ஏறாது.

பிப்ரவரியில், மூடாப்பு இல்லாத இரவில், எட்டு மணி வாக்கில் எங்கள் தென்கடல் கரையில் நின்று பாருங்கள். அகத்திய நட்சத்திரத்துக்கும் கீழே, கையை நீட்டி முட்டி பிடித்தால் கடலுக்கு மேல் ஒரு முட்டி உயரத்தில், புகை போல ஒரு திட்டு தெரியும். பெரிய மெகல்லன் மேகம், நம் பால்வழிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய விண்மீன் மண்டலம். 1987 பிப்ரவரியில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது அங்கேதான். அந்த ஒளி 1,60,000 ஆண்டுகளுக்கும் மேல் பயணம் செய்து வந்தது. சிலியின் லாஸ் கம்பானஸ் வானாய்வகத்தில் இரவு உதவியாளராக இருந்த ஆஸ்கார் துகால்தே, வெளியே வந்து அண்ணாந்தபோது அங்கே இருக்கக்கூடாத நட்சத்திரத்தை வெறுங்கண்ணால் பார்த்தார். அதே இரவில் இயன் ஷெல்டன் தன் படத் தகட்டில் கண்டுபிடித்தார். செய்தி ஒரு சின்னச் சுற்றறிக்கையாக வெளியானது. அப்படி ஒரு பார்வையை எந்த எச் குறியீடு அளக்கும்? (ஒருவரின் எச் குறியீடு 40 என்றால், குறைந்தது 40 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் அவருக்கு 40 உள்ளன என்று பொருள், ஹிர்ஷ் 2005இல் சொன்னது.)

நம் நாட்டிலும் லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியில் ஜி.சி. அனுபமா போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சூப்பர்நோவா அளந்திருக்கிறார்கள். சரி, நீங்கள் சொல்லும் 600 மேற்கோள்காரரின் கட்டுரை ஒன்றைத் திறந்து அட்டவணைக்குப் போங்கள். முதல் நெடுவரிசையில் தேதிகள் இருக்கும். எத்தனை இரவு என்று எண்ணிப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு அவருக்குக் கடிதம் எழுதுங்கள்.