தடிமனான எஃகு ஸ்லாபுக்கு அழுத்த வார்ப்பு அச்சு: பெரிதாக்கினால் மட்டும் போதுமா?

ஸ்லாபின் (தட்டையான பெரிய எஃகுப் பாளத்தின்) தடிமன் கூடும்போது பழைய அச்சையே அகலப்படுத்தினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

அழுத்த வார்ப்பு முறையில் லேடில், அதாவது உருகிய எஃகு நிரம்பிய வாளி, ஒரு மூடிய தொட்டிக்குள் இருக்கும். காற்றழுத்தம் கொடுத்தால் உருகிய எஃகு பீங்கான் குழாய் வழியே மேலேறி கிராஃபைட் அச்சுக்குள் போகும். ஒரு மீட்டர் ஏற சுமார் 0.7 பார் தேவை. பெங்களூரு எலகங்காவில் ரயில் சக்கரங்களை இப்படித்தான் வார்க்கிறார்கள்.

சிக்கல் உறையும் நேரத்தில்தான். தடிமன் 2 மடங்கானால் நேரம் ஏறக்குறைய 4 மடங்காகும். அவ்வளவு வெப்பத்தையும் கிராஃபைட் வாங்கியாக வேண்டும். சுவர் மெலிந்தால் அதுவே சூடேறிக் குளிர்விப்பது மந்தமாகிவிடும். அப்புறம், உறையும்போது எஃகு சுமார் 3 சதவீதம் சுருங்கும். ஓரம் இறுகி, நடுவுக்கு உருகிய எஃகு வந்து சேராவிட்டால் உள்ளே பொள்ளல். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, அதுதான் வயிற்றெரிச்சல்! அதனால் ரைசருக்கு (சுருங்கும் இடத்துக்கு உருகிய எஃகை ஊட்டும் கூடுதல் பகுதி) தொலைவான முனை முதலில் உறைய வேண்டும், ரைசர் கடைசியில். நீளவாக்கில் ஸ்லாப் சுருங்கவும் இடம் விடுங்கள். அச்சின் முனைக் கட்டைகளை அசையாமல் பூட்டினால் சூட்டிலேயே விரிசல் விழும்.