பிரெட் முரூம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. போன மாதம் போர்ட் லூயிஸில் ஒரு பகல் மட்டும் கரையிறங்க அனுமதி கிடைத்தது. ஆறு பேர் சேர்ந்து வேன் பிடித்து மொரீஷியஸைச் சுற்றினோம். ஷாமரெல் ஏழு வண்ண மண், கிராண்ட் பாசின் ஏரி, லெ மோர்ன் கடற்கரை எல்லாம் பார்த்தோம். ஓட்டுநருக்குத் தமிழ்ப் பெயர். ஆவலோடு தமிழில் பேசினேன், ஒரு வார்த்தை அவருக்குத் தெரியவில்லை. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம் மக்கள் மொழியையும் தொலைத்துவிட்டார்களே என்று வெட்கமாக இருந்தது. கட்டுரையாக எழுதி இணைத்திருக்கிறேன். ஒரே ஒரு பகல் பார்த்த தீவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா?

கு.

அன்புள்ள கு.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முருங்கைக்கீரை ஆயும்போதெல்லாம் எனக்கு மொரீஷியஸ்தான் ஞாபகம் வரும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கட்டுரை பாதிக்கு மேல் நன்றாக இருக்கிறது. பின்சீட்டில் தூங்கி வழிந்த அந்த பிலிப்பைன்ஸ் ஆயிலர் (இன்ஜின் அறை ஊழியர்), கண் விழித்துக் கடலைப் பார்த்ததும் ‘மறுபடியும் இதுவா’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் ‘இயற்கை அன்னையின் மடியில்’ என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதை வெட்டுங்கள். அந்தத் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையை மாலுமிகள் தின்றே தீர்த்தார்கள் என்பதையும் வெட்டுங்கள். டச்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயருக்கே குமட்டுகிற பறவை என்று அர்த்தம். தின்றார்கள்தான், ஆனாலும் அந்த இனத்தை ஒழித்ததில் பெரும் பங்கு கப்பலோடு வந்து இறங்கிய எலிக்கும் பன்றிக்கும் குரங்குக்கும். லெ மோர்னை ‘செல்ஃபிக்கு ஏற்ற மலை’ என்று எழுதியதற்குக் காதைத் திருக வேண்டும். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது ஓட்டுநர் விஷயத்தில்தான். ஒரு மனிதர் பகல் முழுக்க உங்கள் ஆறு பேரையும் கட்டி மேய்த்திருக்கிறார். அவரிடம் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. தமிழ் தெரியாது என்றதும் மனசுக்குள் அவருக்கு முட்டை மார்க் போட்டுவிட்டு, மீதி வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பரீட்சை வைக்க நாம் யார், தம்பி?

முதலில், எல்லோரும் கூலியாகப் போனவர்கள் இல்லை. 1735-ல் பிரெஞ்சு கவர்னராக வந்த லபூர்தொனே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கூட்டிக்கொண்டு போனார். உங்கள் கப்பல் வந்து நின்ற அந்தத் துறைமுக நகரம் எழும்பியதில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியது அதற்கு நூறு வருஷம் கழித்து, 1834-ல். பின்னாட்களில் அவர்கள் ஏறி வந்த 16 படிகள், ஆப்ரவாசி காட் என்ற இடத்தில், துறைமுகத்தை ஒட்டியே இருக்கின்றன. அதை உங்கள் வேன் தாண்டித்தான் போயிருக்கும்.

பர்ஸில் மொரீஷியஸ் நூறு ரூபாய் மிச்சமிருந்தால் எடுத்துப் பாருங்கள். படத்தில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், அந்தத் தீவின் தமிழ் அரசியல்வாதி. பிரெஞ்சு வாயில் புகுந்து ‘ரெங்கனாடென் சீனிவாசென்’ ஆனவர். நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, தமிழ் எண்ணும் உண்டு. 1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழை நாகரி எழுத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று பெரிய தகராறாகி, அந்த நோட்டுகளையே திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த வருஷம் வரிசையை மாற்றி அடித்தார்கள். சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல், அதாவது பிரெஞ்சிலிருந்து பிறந்த அந்தத் தீவின் மொழி, பேசுகிறவர்கள். நூறுக்குத் தமிழ் எண் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரியும்.

சரி, முருங்கைக்கீரை. 1986. நான் கப்பலில் ரேடியோ ஆபீசர், செய்தி அனுப்பி வாங்குகிற ஆள், மார்க்கோனி சாப் என்பார்கள். 1999-ஓடு அந்த வேலையே கப்பலிலிருந்து ஒழிந்தது. துறைமுகத்துக்குள் டிரான்ஸ்மிட்டரைப் போடக் கூடாது என்பதால் கப்பல் கரை சேர்ந்ததும் எனக்கு வேலை கிடையாது, ஊர் சுற்ற நான்தான் முதல் ஆள். இங்கிலாந்துக்குச் சர்க்கரை ஏற்றிக்கொண்டிருந்தோம். சர்க்கரைக்கு ஈரம் ஆகாது. தூறல் விழுந்தாலே ஹேட்சை, அதாவது சரக்கறையின் வாயை, மூடிவிடுவார்கள். அப்படி ஒரு மழை நாளில் ஐந்து பேர் வேன் பிடித்தோம். எங்கள் பண்டாரி, அதாவது சமையல்காரர், தூத்துக்குடிக்காரர். அருவியும் வேண்டாம், ஏரியும் வேண்டாம், முதலில் மார்க்கெட்டுக்கு விடு என்று பிடிவாதம் பிடித்தார்.

போர்ட் லூயிஸ் சென்ட்ரல் மார்க்கெட்டில், கவுன் போட்ட ஒரு வயதான அம்மா. முன்னால் நனைந்த சாக்கின்மேல் முருங்கைக்கீரைக் கட்டுகள். காம்போடு ஒடித்து நாரால் கட்டியிருந்தது, ஒரு கட்டில் இரண்டு பூவும் ஒட்டிக்கொண்டிருந்தன. பண்டாரி எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“பிரெட் முரூம்” என்றார் அந்த அம்மா.

“என்ன சாப், கீரையைப் போய் பிரெட்டுங்குது?” என்று பண்டாரி என்னைப் பார்த்தார். கிரியோலில் பிரெட் என்றால் கீரை என்று எனக்கும் அப்போது தெரியாது. அவர் கட்டை ஆட்டி “முருங்க” என்றார். அம்மா, “முரூம்.” இவர், “முருங்க.” அம்மா இன்னும் சத்தமாக, “முரூம்!” அப்புறம் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பண்டாரி பக்கத்திலிருந்த பீர்க்கங்காயைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினார். “பிபங்காய்” என்றார் அம்மா. பண்டாரி என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். அதிகாரியை அடிக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

அந்த அம்மா தமிழ் வம்சமா என்று எங்களுக்குத் தெரியாது. முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷமாக நான் யோசித்துக்கொண்டிருப்பது அதைத்தான். அந்தத் தீவில் முருங்கைக்கீரை வாங்குகிறவர் சீனராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும் கிரியோல் இனத்தவராக இருந்தாலும் தமிழில்தான் கேட்கிறார், அது தமிழ் என்று தெரியாமலே. வாழையிலையில் ஏழு கறி பரிமாறி, கூடவே ‘ரசோன்’ ஊற்றுகிறார்கள். அது என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தருகிறார்கள், தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை விடுகிறார்கள், என்றாலும் வீட்டுப் பேச்சு கிரியோல்தான். எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் நீங்கள் தொலைந்ததை மட்டும் எண்ணிக்கொண்டு திரும்பி வந்துவிட்டீர்கள். அந்த ஓட்டுநரிடம் ‘மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க’ என்று இங்கிலீஷில் கேட்டிருந்தாலே போதும், பாதித் தமிழ் கொட்டியிருக்கும்.

எங்கள் வேன் மார்க்கெட்டைவிட்டுக் கிளம்பும்போது மணி இரண்டு. அருவி பார்க்கவில்லை. மற்ற மூன்று பேரும் கப்பல் திரும்பும்வரை எங்களோடு பேசவில்லை. ராத்திரி பண்டாரி தேங்காய் போட்டு முருங்கைக்கீரை வதக்கி, அதிகாரிகள் சாப்பிடும் சலூனுக்கு அனுப்பினார். எங்கள் பஞ்சாபி சீஃப் இன்ஜினியர் கரண்டியால் கிளறிப் பார்த்து, இது என்ன புல் என்று இந்தியில் கேட்டார். கதவருகே நின்ற பண்டாரி அசரவில்லை.

“பிரெட், சாப்.”

அன்புடன்.

பி.கு: தகுதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள். கப்பல் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள், உங்கள் கம்பெனியிலும் தமிழ் படிக்கிறவன் எவனாவது இருப்பான்.