சமையலறை சன்னலுக்குக் குரங்குகள் வருவது பற்றி

காட்டில் தீனி தீர்ந்துபோனதால்தான் சிங்கப்பூரில் உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் குரங்குகள் வருகின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியில்லைங்க. நீண்டவால் குரங்குகளுக்கு எப்போதுமே காட்டோரம்தான் பிடித்த இடம், ஆற்றங்கரை, சதுப்புநிலம் என்று ஓரங்களிலேயே வாழ்ந்து பழகியவை, நாம்தான் அங்கே போய் வீடு கட்டிக் குப்பைத்தொட்டியும் வைத்துவிட்டோம். எல்லா விலங்கும் இப்படி ஓரத்தைத் தேடி வராது. இலை தின்னும் ராஃபிள்ஸ் லங்கூர் என்ற இன்னொரு குரங்கு மரத்தைவிட்டு இறங்குவதே அரிது. எறும்புத்தின்னிக்கோ சாலைதான் எமன், 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாக வெட்டிவிட்டதால் 2013இல் விலங்குகள் கடக்க அதன்மேல் மரம் நட்ட பாலமே கட்ட வேண்டியதாயிற்று.

சரி, நீங்கள் சன்னலுக்கு வலை போடுங்கள், பழத்தை உள்ளே வையுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டார் குரங்குக்கு ரொட்டி போட்டால் அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.